புயல் நேரத்து வயர்லெஸ்: கடலூர்–புதுச்சேரி எல்லையில் டிஜிட்டலுக்கு மாறினால் என்ன கிடைக்கும்?

ரெட்டிச்சாவடிப் பக்கத்திலிருந்து அன்பர் ஒருவர் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில், தங்கள் ஊரில் யாருடைய கைபேசியும் வேலை செய்யாதபோது ரோந்துக் காவலரின் மைக்கில் மட்டும் எப்படிப் பேச்சு வந்துகொண்டிருந்தது. எல்லோர் கையிலும் நல்ல ஃபோன் இருக்கும் காலத்தில் அவசரச் சேவைகளுக்கென்று டிஜிட்டல் வயர்லெஸ் தனியாக எதற்கு. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரிக் காவல்துறை, இந்தப் பக்கம் தமிழ்நாடு காவல்துறை என்றிருக்க, இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியுமா என்பன அவை. ஊர் இளைஞர்கள் வாக்கி-டாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றும் இறுதியில் கேட்டிருக்கிறார்.

டிஜிட்டல் வயர்லெஸ் நல்ல மாற்றம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புயல் இரவில் ஒரு வயர்லெஸ் அமைப்பு நிற்பதையும் விழுவதையும் தீர்மானிப்பவை ஆன்டெனாவின் உயரம், பேட்டரியின் கொள்ளளவு, நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் இரண்டு செட்டுகள் நேருக்கு நேர் பேசும் வசதி ஆகிய மூன்றுதான். இவற்றைச் சரிசெய்யாமல் பழைய செட்டுகளைக் கொடுத்துவிட்டுப் புதிய டிஜிட்டல் செட்டுகளை வாங்குவது செலவுக்குத்தான் வழி.

முதலில் கைபேசி ஏன் செத்துப்போகிறது என்பதைப் பார்ப்போம். நம் ஃபோன் அதிகபட்சம் ஏறத்தாழ 0.2 வாட் திறனில் மட்டுமே ஒலிபரப்பும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினாலும் அந்தப் பேச்சு கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து கேபிள் வழியாகவோ மைக்ரோவேவ் வழியாகவோ எங்கோ ஒரு நகரத்து எக்ஸ்சேஞ்சுக்குப் போய்த் திரும்ப வேண்டும். கோபுரத்தடியில் இருக்கும் பேட்டரி சில மணி நேரந்தான் தாங்கும். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஆனால் சாலையில் மரம் விழுந்து கிடக்கும்போது டீசல் வண்டி வந்து சேராது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், மின்கம்பங்கள் சரிந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோபுரம் பிழைத்துக்கொண்டாலும், ஒரே நேரத்தில் ஊரே உறவினர்களை அழைக்கும்போது ஆய்வாளரின் அழைப்பும் அதே நெரிசலில்தான் நிற்கும்.

வயர்லெஸ் செட் இப்படி எதையும் சார்ந்திருப்பதில்லை. கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) செட் பெரும்பாலும் 5 வாட் திறன் கொண்டது. கைபேசியைப் போல 25 மடங்கு. பொத்தானை அழுத்தினால் அரை நொடிக்குள் அந்தச் சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் குரல் கேட்கும். ஒவ்வொருவராக எண் போட்டு அழைக்க வேண்டியதில்லை என்பது சாதாரண நாளில் சிறிய வசதியாகத் தோன்றும். ஆற்றுக் கரை உடைந்தது என்று சொல்ல வேண்டிய நேரத்தில் ஒருவர் சொல்வதை இருபது பேர் ஒன்றாகக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் தெரியும்.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் கடற்கரைக்கு நன்மையும் தீமையும் இருக்கின்றன. வி.எச்.எஃப்., அதற்கும் மேலான யு.எச்.எஃப். அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்பவை என்பதால், பூமியின் வளைவுக்கு அப்பால் போகத் தடுமாறும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும்; பேசும் இருவருக்கும் இப்படித் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். தரையில் நிற்கும் மனிதரின் தோளருகே 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் செட்டுக்கு 5 கி.மீ.; அப்படி இருவர் நின்றால் ஏட்டளவில் 10 கி.மீ. வரும். மஞ்சக்குப்பம் போன்ற கட்டடங்கள் நெருங்கிய பகுதியில் அது இரண்டு மூன்று கி.மீ.யாகச் சுருங்கிவிடும். அதே செட், 30 மீட்டர் கோபுரத்தில் உள்ள ரிப்பீட்டரோடு, அதாவது கேட்ட பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியோடு, பேசினால் 22.5 கி.மீ.யும் 5 கி.மீ.யும் சேர்ந்து ஏறத்தாழ 27 கி.மீ. கிடைக்கும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே நேர்கோட்டில் 20 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல் என்பதை நினைத்தால், ஒரு கோபுரத்தின் மதிப்பு விளங்கும். நம் பக்கம் சமவெளி. அலையைத் தடுக்க மலையில்லை, அதேபோல் ரிப்பீட்டரை ஏற்றிவைக்கவும் மலையில்லை. கேப்பர் மலை என்பது பெயருக்குத்தான் மலை என்றாலும், இப்படிப்பட்ட தட்டையான நிலத்தில் அந்தச் சில பத்து மீட்டர் மேடுகூட ஒரு வயர்லெஸ் பொறியாளருக்குப் பொன் போன்ற இடம்.

ரிப்பீட்டர் என்பது ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் கூடுதல் திறனோடு திருப்பிச் சொல்லும் பெட்டி. இதன் பேட்டரிக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம். 25 வாட் ரிப்பீட்டர் ஒன்று ஒலிபரப்பும்போது 13 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் எடுக்கும், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 1 ஆம்பியர் போதும் என்று வைத்துக்கொள்வோம். புயல் நாளில் பாதி நேரம் பேச்சு ஓடும் என்றால் சராசரி 4 ஆம்பியர். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பயன்படக்கூடியது 120 என்று எடுத்தால் 30 மணி நேரம் வரும். புதிய பேட்டரிக்கான கணக்கு இது; வெயிலில் காய்ந்த தகரக் கூரைக்கு அடியில் மூன்று கோடையைக் கழித்த பேட்டரியிடம் பாதியைக்கூட எதிர்பார்க்க முடியாது. தானே போல ஒரு வாரம் மின்சாரம் இல்லையென்றால், இரண்டாம் நாளே பேசாமடந்தையாகும் ரிப்பீட்டர் டிஜிட்டலாக இருந்து என்ன பயன்?

கடற்கரைக்கே உரிய இன்னொரு எதிரி உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் போன்ற இடத்தில் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவோடு கேபிள் சேரும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் டேப்பை ஒழுங்காகச் சுற்றாத இடத்தில் பித்தளை பச்சை பூத்திருக்கும். உள்ளே இறங்கிய ஈரம் கேபிளின் செம்புப் பின்னலைக் கறுக்க வைத்திருக்கும். அனுப்பிய திறனில் ஒரு பங்கு ஆன்டெனாவுக்குப் போகாமல் செட்டுக்கே திரும்பி வரும். இப்படித் திரும்பும் அளவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்துப் பார்த்தால் 1.5-க்குள் நிற்க வேண்டிய முள் 3-ஐத் தாண்டி நிற்கும். பெரிய பழுதில்லை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஒருவர் மேலே ஏறிக் கனெக்டரை மாற்றி டேப் சுற்றினால் தீர்ந்தது. ஆனால் அந்த ஒருவர் ஏற வேண்டும்.

டிஜிட்டல் உண்மையில் என்ன தருகிறது என்பதை இனிச் சொல்கிறேன். உலகில் மூன்று தரங்கள் பெரிதும் பேசப்படுகின்றன. ஐரோப்பியத் தர நிறுவனமான எட்ஸி 1990-களில் உருவாக்கிய டெட்ரா, ஒரு 25 கிலோஹெர்ட்ஸ் சேனலை நான்கு நேரத் துண்டுகளாகப் பிரித்து நான்கு உரையாடல்களை ஏற்றுகிறது. அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகளுக்காக 1989-இல் தொடங்கிய பி25, முதற்கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸில் ஓர் உரையாடலையும் இரண்டாம் கட்டத்தில் இரண்டையும் தருகிறது. எட்ஸியே 2005-இல் வெளியிட்ட டி.எம்.ஆர்., 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை 30 மில்லி நொடித் துண்டுகளாக மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டு உரையாடல்களை நடத்துகிறது. குரலை அப்படியே அலையாக அனுப்பும் பழைய அனலாக் செட்டுக்கு ஒதுக்கப்பட்ட அதே அகலமுள்ள சேனலிலேயே பேச்சுவழி இரட்டிப்பாவதுதான் இதன் சிறப்பு. கைசெட் பாதி நேரமே ஒலிபரப்புவதால் அதன் பேட்டரியும் கூடுதலாகத் தாங்கும். ஒரே செட்டில் அனலாக், டிஜிட்டல் இரண்டும் இருப்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை.

டிரங்கிங் என்ற சொல்லையும் விளக்கிவிட வேண்டும். பழைய முறையில் போக்குவரத்துக் காவலுக்கு ஒரு சேனல், சட்டம் ஒழுங்குக்கு ஒரு சேனல் என்று நிரந்தரமாக ஒதுக்குவார்கள். ஒன்று காலியாக இருக்கும்போது மற்றொன்றில் நெரிசல் தாங்காது. டிரங்கிங்கில், வங்கியில் ஒரே வரிசையில் நின்று காலியாகும் கவுன்ட்டருக்குப் போவதைப் போல, எந்தச் சேனல் காலியோ அதைக் கணினி அந்த நேரத்துக்கு ஒரு குழுவுக்குக் கொடுக்கும். அவசர அழைப்பு வந்தால் மற்றவர்களை விலக்கி வழிவிடும். டெட்ரா பிறவியிலேயே இப்படிப்பட்டது. டி.எம்.ஆரில் மூன்றாம் நிலைக்குப் போனால் இது கிடைக்கும்.

இவற்றில் நம் மாவட்டத்துக்கு எது என்று கேட்டால், என் சார்பு வெளிப்படையாக டி.எம்.ஆர். பக்கந்தான். டெல்லி 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக டெட்ராவை நிறுவியது. மெட்ரோ ரயில்களும் அதையே விரும்புகின்றன. சிறிய பரப்பில் ஆயிரக்கணக்கான செட்டுகள் பேசும் நகரத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதன் கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் இணைப்புக் கம்பியும் கூடுதலாக வேண்டும். விருத்தாசலம், திட்டக்குடி வரை நீளும் கடலூர் மாவட்டத்தை அப்படி மூடுவதற்கு ஆகும் செலவில், வி.எச்.எஃப். டி.எம்.ஆர். ரிப்பீட்டர்களை நல்ல பேட்டரியோடும் மாற்று ஜெனரேட்டரோடும் வைத்து, மீதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கலாம்.

டிஜிட்டலின் குறைகளை விற்பனையாளர்கள் உரக்கச் சொல்வதில்லை, எனவே நான் சொல்லிவிடுகிறேன். அனலாக்கில் எல்லையை நெருங்கும்போது இரைச்சல் படிப்படியாகக் கூடும். அனுபவமுள்ள காவலர் அந்த இரைச்சலைக் கேட்டே இரண்டடி நகர்ந்தோ மாடிப்படியில் ஏறியோ பேசிவிடுவார். டிஜிட்டலில் கடைசி வரை குரல் தெளிவாக இருந்து, பிறகு வார்த்தைகள் துண்டு துண்டாகி, சட்டென்று எதுவும் கேட்காது. எச்சரிக்கை மணி வைக்கலாம். ஆனால் அதற்குப் பழக வேண்டும். இன்னொன்று: டிஜிட்டல் செட் குரலை அப்படியே அனுப்புவதில்லை, மனிதக் குரலின் இயல்புகளை அளந்து, நொடிக்குச் சில ஆயிரம் பிட்களாகச் சுருக்கி, மறுமுனையில் அந்தக் குரலை மறுபடி உருவாக்குகிறது. பக்கத்தில் மரம் அறுக்கும் இயந்திரமோ, தீயணைப்பு வீரரின் மூச்சுக்கருவி எச்சரிக்கை மணியோ சத்தமிட்டால் அது எது குரல், எது ஓசை என்று குழம்பும். அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் 2000-களின் பிற்பகுதியில் இது பெரும் விவாதமாகி, நெருப்புக்குள் நுழைபவர்கள் தங்களுக்குள் பேச அனலாக் நேரடிச் சேனலையே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் முடிவெடுத்தார்கள். குடிகாடு சிப்காட் வேதித் தொழிற்சாலைகளை ஒட்டிப் பணியாற்றும் தீயணைப்பு வீரர்களுக்கு இதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: எரிவாயு கசிந்த இடத்தில் பொறி கிளப்பாத வகையில் சான்று பெற்ற செட்டும் அதற்குரிய பேட்டரியுமே வேண்டும், சாதாரணச் செட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

டிஜிட்டலால் தெளிவாகக் கிடைக்கும் நன்மைகள் வேறு சில உண்டு. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் யார், எங்கே என்ற ஜி.பி.எஸ். விவரம் கண்ட்ரோல் ரூம் திரையில் விழும். தொலைந்துபோன செட்டை அங்கிருந்தே முடக்கலாம். பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டும் மறைகுறியாக்கமும் எளிது, ஆனால் பெயரை மட்டும் நம்பக் கூடாது: டெட்ராவின் டி.இ.ஏ.1 என்ற முறையில் 80 பிட் என்று சொல்லப்பட்ட திறவுகோல் உள்ளுக்குள் 32 பிட்டாகக் குறைக்கப்பட்டிருந்ததை 2023-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த அளவை இன்றைய கணினி விரைவில் உடைத்துவிடும்.

எல்லைக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஒட்டுமொத்தமாக ஒரே நிலமாக இல்லை. பாகூர்ப் பகுதி கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. காரைக்கால், ஏனாம், மாஹே எங்கெங்கோ இருக்கின்றன. ஆறு இந்தக் கோடுகளைப் பார்ப்பதில்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட தண்ணீர், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து தென்பெண்ணை வழியாகக் கடலூரையும் பாகூரையும் ஒன்றாகவே நனைத்தது. மீட்புக்கு அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையும், புதுச்சேரிக்கு ராணுவமும் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் அவரவர் வயர்லெஸோடுதான் வருவார்கள். வேறு அலைவரிசை, வேறு தரம், வேறு திறவுகோல் என்றால், ஒரே தெருவில் நிற்கும் இரண்டு படகுக் குழுக்கள்கூட ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்க முடியாது. சொல்லப்போனால், எல்லோரும் வெறும் அனலாக்கில் இருந்த காலத்தில் அலைவரிசையைச் சொன்னால் போதும், சேர்ந்துவிடலாம். டிஜிட்டலில் தரம், வண்ணக் குறியீடு என்னும் சேனல் அடையாள எண், குழு எண், திறவுகோல் எல்லாம் பொருந்த வேண்டும்.

பேச முடியுமா என்றால், முடியும், மூன்று வழிகளில். இரு கண்ட்ரோல் ரூம்களுக்கும் நடுவே ஒரு கேட்வே கருவியை வைத்து ஒரு குழுவின் பேச்சை மற்றதற்குள் செலுத்தலாம்; இதற்கு இணைப்புக் கம்பி உயிரோடிருக்க வேண்டும். கம்பி அறுந்தால், 1946 முதல் இயங்கும் மத்திய உள்துறையின் காவல் வயர்லெஸ் ஒருங்கிணைப்பு இயக்ககம் நடத்தும் போல்நெட் செயற்கைக்கோள் இணைப்பு போன்றவை தலைமையிடங்களைச் சேர்க்கும். களத்தில் நிற்பவருக்கு அது எட்டாது. மூன்றாவது வழி மிக மலிவானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே: இரு அரசுகளும், தீயணைப்பும், வருவாய்த் துறையும் உடன்பட்டு, மறைகுறியாக்கம் இல்லாத ஒரே ஓர் அனலாக் நேரடிச் சேனலை எல்லாச் செட்டிலும் ஒரே இடத்தில், எடுத்துக்காட்டாகக் கடைசி எண்ணில், பதிந்து வைப்பது. ரிப்பீட்டர் தேவையில்லை, கணினி தேவையில்லை. தேவையானது ஒரு கடிதமும், மாதம் ஒருமுறை முள்ளோடையில் நின்று பேசிப் பார்ப்பதும். செட்டில் சேனல் இருந்தும் அதைத் திருப்பத் தெரியாதவர் கையில் அது இல்லாததற்குச் சமம் என்பதால் அந்த மாதாந்தரப் பேச்சு தவிர்க்க முடியாதது.

கைபேசித் தொழில்நுட்பத்தையே அவசரச் சேவைக்குத் தனியாக ஒதுக்கினால் என்ன என்ற யோசனையும் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 நியூயார்க் தாக்குதலில் வயர்லெஸ் பொருந்தாமை உயிர்களைப் பறித்தபின், அமெரிக்கா 2012-இல் சட்டமியற்றி, 700 மெகாஹெர்ட்ஸில் தனி அலைக்கற்றையோடு ஃபர்ஸ்ட்நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கியது. பொத்தானை அழுத்திப் பேசும் குழு அழைப்புக்கான தரமும் எல்.டி.இ. என்னும் 4ஜி கைபேசித் தொழில்நுட்பத்தில் 2016-இல் வந்துவிட்டது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் இதுபோன்ற வலையமைப்புக்குப் பரிந்துரை அளித்தது. வெள்ளத்தின் நேரடி வீடியோ, டிரோன் படம், வரைபடம் ஆகியவற்றுக்கு இதற்கு ஈடில்லை. ஆனாலும் கோபுரம் போனபின் 0.2 வாட் ஃபோனுக்கும் 5 வாட் செட்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. பேச்சுக்கு வயர்லெஸ், தரவுக்கு எல்.டி.இ. என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே இன்னும் பல ஆண்டுகளுக்கு நடக்கக்கூடியது. கடலிலும் இதே நிலைதான்: படகுகளின் ஆபத்து அழைப்புக்குரிய சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகமெங்கும் இன்றும் அனலாக் குரலே. டிஜிட்டல் ஆபத்துச் சமிக்ஞைக்குச் சேனல் 70 தனியாக இருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். காவல் வயர்லெஸ் போன்ற 5 வாட் செட்டை உரிமமின்றி வாங்கி வைப்பது சட்டப்படி குற்றம். இணையக் கடையில் கிடைக்கிறது என்பது சமாதானமாகாது. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட விற்பனைக்கே தனி நெறிமுறை வகுத்தது. உரிமம் வேண்டாதது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, குறைந்த திறன் கொண்ட செட் மட்டுமே. அதிலும் கருவிக்கு வகை ஒப்புதல் இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். கட்டடங்களுக்கிடையே சில நூறு மீட்டர், திறந்த வெளியில் ஒன்றிரண்டு கி.மீ.தான் எட்டும் என்றாலும், நிவாரணக் கூடத்துக்கும் படகுத் துறைக்கும் நடுவே அது போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால், சொந்தமாக ரேடியோ நிலையம் நடத்தும் ஆர்வலர்களுக்கான, 12 வயது நிரம்பிய எவரும் எழுதக்கூடிய அமெச்சூர் ரேடியோ (ஹாம்) தேர்வை உங்கள் இளைஞர்களில் நான்கு பேர் எழுதட்டும். 2004 சுனாமியின்போது அந்தமானில் தற்செயலாக இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு, போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியது அந்த உரிமத்தின் பலத்தில்தான். தேர்வில் தேறி, தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும் அழைப்புக் குறியும் கையில் வந்தபின், மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையில், அதாவது 1077-இல், உங்கள் குறியையும் நிலையம் இருக்கும் ஊரையும் மழைக்காலம் தொடங்கும் முன்பே பதிந்துவையுங்கள்.